படகில் ஒரு மறுகால்

திருப்பரங்குன்றத்தாராகிய எமக்குக் கண்மாய் உறவு, கடல் அயல். மலையின் பக்கலிற் பரந்து கிடக்கும் தென்கால் கண்மாயும், தைத்திங்களில் தெப்பம் மிதக்கும் குளமுமே யாம் சிறுபருவந்தொட்டு நன்கறிந்த நீர்ப்பரப்புக்கள். அங்ஙனமாகப் படகொன்றின் அடியில் ஊறும் நீரைக் குறித்தும், அதனை இறைக்கும் சிறு பொறியைக் குறித்தும், அப்பொறிக்கு மின்கம்பி பூட்டும் முறையைக் குறித்தும் யாம் எழுதப் புகுவது, உழவன் உப்பளத்திற் புகுந்தது போலத் தோன்றலாம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இஃதெதற்கென்று வினவுவாரும் உளராவர். சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எம் தமக்கையார் குடும்பத்திற்கு நேர்ந்த இடரொன்று எம்மை இத்தொழிலின் அருகே கொண்டுபோய் நிறுத்திற்று. ஆங்குக் கற்றது சிறிதாயினும், அது நம் ஊர்க் கண்மாய்க் கரையிலேயே நெடுநாளாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு வியப்புற்றோம். அவ்வியப்பை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று அறியற்பாலது. நீரில் மிதக்கும் யாவற்றிற்கும் நீர் இறைக்க வேண்டுவதில்லை. எம்மூர்த் தெப்பத்தை நோக்குமின். மூடிய பீப்பாய்களின்மேல் மரத்தைப் பிணித்துப் பரப்பிய மேடை அது. அலை மேலேறினும் இடுக்குக்களின் வழியே வடிந்துவிடும். கடற்கரைக் கட்டுமரமும் அத்தகையதே. மரக்கட்டைகளைக் கயிற்றாற் பிணித்தமைத்த அதற்குத் திறந்த வயிறு கிடையாது. ஆதலால் நிறைவதற்கும் இடமில்லை. தோணி, வள்ளம், ஓடம் என்பவையோ உள்ளிடம் உடையவை. அவ்வுள்ளிடமே அவற்றை மிதக்கச் செய்கின்றது. அவ்வுள்ளிடமே அவற்றை அமிழ்த்தவும் வல்லது. மீனையும் வலையையும் மக்களையும் ஏற்கும் வயிறு மழையையும் அலையையும் ஏற்றுக்கொள்ளும். ஆகலின், படகு தோன்றிய நாளிலேயே அதன் நீரை இறைக்கும் தொழிலும் தோன்றியிருத்தல் வேண்டும்.

இத்தொழிலின் பழமைக்கு மேலைநாட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். சிரக்கூசு நகரத்து மன்னன் ஈரோன் கட்டுவித்த பெருங்கலத்தின் அடிநீர் எத்துணை ஆழமாயினும், ஆர்க்கிமிடீசு கண்ட திருகுபொறியைக் கொண்டு ஒரே ஆள் அதனை வெளியேற்றினான் என்று அதினேயசு என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். நம் நாட்டினரோ கிணற்றுக்கு ஏற்றமும் கமலையும், வாய்க்காலுக்கு இறைகூடையும் கண்டவர்கள். நீரைக் கீழிருந்து மேலேற்றும் கலை நமக்குப் புதிதன்று. ஆயின், ஏற்றத்திற்கும் கமலைக்கும் கூடைக்கும் ஓர் ஆள் விழித்திருத்தல் வேண்டும். ஆள் உறங்கும் இரவில் நீர் உறங்குவதில்லை. இவ்விடத்திலேதான் எம் கதை தொடங்குகின்றது.

எம் தமக்கையார் தூத்துக்குடிக் கடற்கரை ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவர். அத்தானுக்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமுள்ள பைபர் படகு ஒன்று உண்டு. அதன் நடுவில் டீசல் எஞ்சின். எஞ்சினிலிருந்து புறப்படும் சுழல்தண்டு பின்புறத்தின் வழியே வெளிப்பட்டு நீருள் விசிறியைச் சுழற்றும். விளக்குகளுக்கும், திசை காட்டும் கருவிக்கும், கம்பியில்லாப் பேச்சுக் கருவிக்கும் 12 வோல்ட்டுப் பாட்டரி ஒன்று. அடித்தளத்தில் நீர் இறைக்கும் சிறு மின்பம்பு ஒன்றும் இருந்தது. கடைக்காரர் அதனைப் ‘பில்ஜ் பம்பு’ என்பர்; யாம் ஈண்டு அடிநீர்ப் பம்பு என்று வழங்குவோம்.

புயல் எச்சரிக்கையின் பொருட்டுப் படகுகள் யாவும் மூன்று நாள் கரையோரத்தில் நங்கூரமிட்டு நின்றன. கடலுக்குட் செல்லலாகாதென்று விலக்கு. மழை இடைவிடாது பெய்தது. அலையின் சீற்றத்தால் படகுக்கு நீந்திச் செல்லவும் இயலவில்லை. மூன்றாம் நாட் காலையில் அத்தானின் படகு விளிம்பளவு நீரில் ஆழ்ந்து, உள்ளே அடைத்த நுரைப்பொருளின் வலியால் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. எஞ்சினுள் உப்புநீர் புகுந்துவிட்டது. அதனை முழுதும் கழற்றித் துடைத்துப் புதுக்குவதற்கு ஆறு வாரங்கள் சென்றன. அவ்வாறு வாரமும் தொழில் இல்லை. கடன் மட்டும் வளர்ந்தது. தமக்கையார் தம் காதணியை அடகுவைத்த செய்தி பின்னரே எமக்குத் தெரிந்தது.

“பம்பு இருந்ததே, அஃது ஏன் இறைக்கவில்லை?” என்பதே எல்லோருடைய வினாவும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் மதுரையிலிருந்து இரயிலேறி விருதுநகர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி சேர்ந்தபோது, அவ்வினாவிற்கு விடை கூறும் ஒருவர் படகின் அடியிற் குந்தியிருந்தார். அவர் மோட்டார்களுக்கும் படகுகளுக்கும் மின்வேலை செய்பவர். வயது அறுபதுக்கு மேலிருக்கும். ஊரார் யாவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். எமக்கு வாய்த்த பணி, விளக்குப் பிடிப்பதும், கம்பி நுழைப்பதும், பம்போடு வந்த ஆங்கிலத் தாளை வாசித்துச் சொல்வதுமே.

அண்ணாச்சி பழைய கம்பியை விரலால் தொடர்ந்து சென்று காட்டினார். பாட்டரியினின்று புறப்பட்ட கம்பி முதலிற் பெரிய சுவிட்சுக்குச் சென்றது. அதிலிருந்தே விளக்கும் பம்பும் பிறவும் கிளைத்தன. பாட்டரி வீணே தீராதிருக்கும் பொருட்டு, தொழில் முடிந்து கரையேறுபவர் அப்பெரிய சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்வது வழக்கம். அதனை அணைத்தவுடன் பம்புக்கும் உயிர் போய்விடும்.

“தம்பி, படகுக்காரர் வீட்டுக்குப் போனால் பம்பும் கூடவே வீட்டுக்குப் போய்விடுகிறது. நடந்தது இவ்வளவுதான்” என்றார் அவர்.

பம்பு பழுதுபட்டதன்று, நீர் ஏறியதை அறியும் மிதவைச் சுவிட்சும் பழுதுபட்டதன்று. ஆள் இல்லாத போதுதான் அக்காவலாளி வேண்டப்படுகின்றான். ஆள் இல்லாத போதே அவனுக்கு உணவு மறுக்கப்பட்டது. இந்த ஒரு வளைவு கம்பிதான் ஒரு குடும்பத்தின் ஆறு வாரத்தை விழுங்கிற்று.

மழை எத்துணை நீரைக் கொணரும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீராகும். அத்தானின் படகு வாயகன்று மழையை ஏற்கும் பரப்பு 12 சதுர மீட்டர் என்று கொள்வோம். மூன்று நாளில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் உள்ளே சேரும் நீர் 2,400 லிட்டர். நிறையில் இரண்டரை டன்னுக்குச் சற்றே குறைவு. இனி, அதே மாவட்டத்தைச் சேர்ந்த காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அத்தகைய மழையில் இப்படகு ஏற்கும் நீர் 11,400 லிட்டராகும். எந்தச் சிறு படகும் அதனைத் தாங்காது.

ஆயினும், கணக்கு அச்சுறுத்துவதோடு நின்றுவிடாமல் ஆறுதலும் தருகின்றது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பம்பொன்று மணிக்கு 1,100 அமெரிக்கக் காலன், அஃதாவது ஏறத்தாழ 4,160 லிட்டர் இறைக்கும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும். அவ்வளவு, குழாயின்றி, நீரை மேலேற்றாமல் வெறுமனே தள்ளும்போது கிடைப்பது. ஒரு மீட்டர் உயரம் ஏற்றி, குழாயின் வளைவுகளையும் கடக்கச் செய்தால் மூன்றில் ஒரு பங்கேனும் குறைந்துவிடும். எனவே 2,700 லிட்டர் என்று கொள்வோம். காயல்பட்டினத்துப் பெருமழை முழுவதையும் இறைக்க இப்பம்புக்கு நாலேகால் மணி நேர ஓட்டம் போதும். 4 ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளுமாயின் செலவாவது 17 ஆம்பியர்-மணி. படகிலிருந்த பாட்டரியோ 60 ஆம்பியர்-மணி கொள்வது. அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகாமல் அப்பேரிடரையும் கடந்திருக்கலாம் என்பதை அறிந்தபோது, தமக்கையாரின் காதணியை நினைந்து எம் நெஞ்சம் வெதும்பிற்று.

நிற்க. இனிச் செய்ய வேண்டியது யாது? அண்ணாச்சி பாட்டரியின் நேர்முனையினின்று இரண்டு பாதைகளைப் பிரித்தார். ஒன்று முன்போலப் பெரிய சுவிட்சின் வழியே விளக்கிற்கும் பிற கருவிகளுக்கும் செல்வது. மற்றொன்று பெரிய சுவிட்சைத் தீண்டாமல் பாட்டரியினின்று நேரே பம்புக்குச் செல்வது. இவ்விரண்டாம் பாதையும் மீண்டும் இரு கிளையாயிற்று. ஒரு கிளை மிதவைச் சுவிட்சின் வழியே பம்பை அடையும். நீர் ஏறினால் தானே ஓட்டும். மறுகிளை எஞ்சினருகே பொருத்திய கைவிசையின் வழியே பம்பை அடையும். அதனை அழுத்திப் பிடித்தால் ஓடும், கையெடுத்தால் நிற்கும்.

இவ்விடத்தில் அத்தானுக்கும் அண்ணாச்சிக்கும் வழக்கு ஒன்று எழுந்தது.

“அண்ணாச்சி, மிதவைக்குப் போகிற கம்பியிலும் ஒரு சுவிட்சு வையுங்கள். படகைக் கரையேற்றி வைக்கும்போது அணைத்துவிடலாமே. அலையில் மிதவை ஆடி ஆடிப் பாட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது?” என்றார் அத்தான்.

“அணைக்கிற சுவிட்சு என்று ஒன்று இருந்தால், ஒரு நாள் அதை யாராவது அணைப்பார்கள். அணைத்தவர் மறந்தும் போவார். பாட்டரி போனால் பாட்டரி வாங்கலாம், படகு போனால்?” என்றார் அண்ணாச்சி. பின்னர் எம்மை நோக்கி, “தாளில் என்ன போட்டிருக்கிறது, வாசியுங்கள் தம்பி” என்றார்.

தாளில், ஆள் இல்லாத காலத்தும் தானியங்கும்படி மிதவைச் சுவிட்சை உருகியொன்றின் வழியே பாட்டரியோடு நேரே இணைக்க வேண்டுமென்று வரைபடம் காட்டப்பட்டிருந்தது. அத்தான் மனம் அமையவில்லை. “மாப்பிள்ளை, நீ என்ன நினைக்கிறாய்?” என்று எம்மைக் கேட்டார்.

மின்னியல் அறியாத யாம் என் சொல்வோம்? எமக்குத் தெரிந்தது கண்மாய் ஒன்றே. ஆகலின் அதனையே சொன்னோம். கண்மாய்க் கரையில் நீர் வெளிப்படும் வாயில் இருவகைப்படும். ஒன்று மடை, மற்றொன்று கலிங்கு. மடைக்கு அடைப்பு உண்டு. வயலுக்கு வேண்டும்போது திறப்பர், வேண்டாதபோது அடைப்பர். அஃது ஆளின் விருப்பத்திற்கு உட்பட்டது. பழைய முறைக் கலிங்குக்கோ கதவில்லை. கரையைவிடத் தாழ்ந்த ஒரு மட்டத்திற் கல்லால் கட்டி விட்டிருப்பர். நீர் அம்மட்டத்தைத் தாண்டியவுடன் எவருடைய அனுமதியையும் எதிர்பாராமல் மறுகால் பாயத் தொடங்கும். நள்ளிரவானாலும், ஊர் முழுதும் உறங்கினாலும், கரை உடையாமல் நிற்பது அக்கதவின்மையாலேயே. அதற்கும் கதவிட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்திருப்பார்களேயாயின், அவர் அயலூர் சென்ற நாளில் கண்மாய் ஊரைக் கொண்டுபோயிருக்கும். நீரைச் சற்று மிகுதியாகத் தேக்க வேண்டுவோர் கலிங்கின்மேல் நட்ட கற்களிடையே மண்ணை வைத்து அடைப்பதுண்டு. அம்மண் பெருவெள்ளத்திற் கரைந்துபோகும், கலிங்கு நிற்கும்.

இதனைக் கேட்ட அண்ணாச்சி நகைத்து, “அதுதான் தம்பி! கைவிசை மடை, மிதவை கலிங்கு. கலிங்குக்கு எவனாவது கதவு போடுவானா?” என்றார். அத்தானும் இசைந்தார். கடற்கரையாராயினும் அவரும் தாமிரபரணிக் குளங்களை அறிந்தவர்தாமே! மிதவையின் பாதையில் உருகி ஒன்றைத் தவிர வேறு தடையில்லை என்று முடிவாயிற்று.

மிதவைச் சுவிட்சின் அமைப்பும் ஓரளவு கலிங்கையே ஒத்தது. ஒரு முனையிற் கீல் பொருத்திய சிறு மிதவை; அதனுள் உலோக உருண்டை ஒன்று. நீர் ஏறினால் மிதவை நிமிரும். உருண்டை ஒருபுறம் உருண்டு சென்று சுவிட்சை அழுத்தும். பழைய வகைகளில் உருண்டைக்கு மாறாகப் பாதரசம் இருந்தது. அது நஞ்சாதலின் இப்போது அருகிவிட்டது. ஒரு நுட்பம் மட்டும் கலிங்கினின்று வேறானது. கலிங்கு ஒரே மட்டத்தில் தொடங்கி அம்மட்டத்திலேயே நிற்கும். மிதவையோ சற்று உயர்ந்த மட்டத்தில் பம்பைத் தொடங்கி, நன்கு தாழ்ந்த பின்னரே நிறுத்தும். இரண்டும் ஒரே மட்டமாயின், சிற்றலை ஒவ்வொன்றுக்கும் பம்பு ஓடுவதும் நிற்பதுமாய் விரைவிற் கெடும். மீன் செதிளும் நைலான் நூலும் மிதவையின் கீழ் சிக்கினால் அது நிமிர்ந்தபடியோ படுத்தபடியோ நின்றுவிடும். ஆகலின் அண்ணாச்சி அதன்மேல் துளையிட்ட மூடியைப் பொருத்தி, வாரமொருமுறை கையால் தூக்கிப் பார்க்குமாறு அத்தானுக்குக் கட்டளையிட்டார்.

கம்பியின் பருமனைப் பற்றியும் ஒரு சொல். கம்பியினூடே மின்சாரம் செல்லுங்கால் வழியிலேயே வோல்ட்டுச் சிறிது குறைகின்றது. ஜெர்மனி நாட்டு ஓம் என்பார் 1827 இல் வெளியிட்ட விதியைக் கொண்டு அக்குறைவை யாமே கணக்கிட்டோம். பாட்டரிக்கும் பம்புக்கும் இடைத்தூரம் 5 மீட்டர். போய்வரும் கம்பி 10 மீட்டர். மின்னோட்டம் 4 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பியாயின் இழப்பு ஏறத்தாழ 0.46 வோல்ட்டு; 2.5 சதுர மில்லிமீட்டராயின் 0.28 வோல்ட்டு. 12 வோல்ட்டில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இழப்பு கூடாதென்பது படகு மின்வேலையில் முதன்மையான கருவிகளுக்குக் கைக்கொள்ளப்படும் நெறி. அஃதாவது 0.36 வோல்ட்டு. எனவே பருமனான கம்பியே தேர்ந்தெடுக்கப்பட்டது. வீட்டில் 230 வோல்ட்டில் அரை வோல்ட்டு குறைந்தால் எவரும் உணரார். சிறுபொருள் உடையானுக்கே சிறு இழப்பும் பெரிதாகும் என்பதனை மின்சாரமும் உணர்த்துகின்றது.

உருகி என்னும் ஃபியூஸைப் பாட்டரிக்கு ஒரு சாண் தொலைவிற்குள்ளேயே அண்ணாச்சி பொருத்தினார். பம்பின் அருகே வைத்தாலென்ன என்று வினவினோம். ஃபியூஸ் தன் பின்னுள்ள கம்பியையே காக்கும். தனக்கு முன்னுள்ள கம்பிக்குக் காவல் இல்லை என்பது அவர் விடை. பெரிய சுவிட்சைக் கடந்து வந்த இக்கம்பி இரவும் பகலும் உயிருள்ளது. எங்கேனும் உராய்ந்து தோல் கிழிந்து எதிர்முனையைத் தொட்டால் தீப்பற்றும். படகில் தீ நீரினும் கொடிது. ஃபியூஸின் அளவும் பம்பைச் செய்தவர் குறித்த அளவாதல் வேண்டும். நூல் சிக்கிப் பம்பின் சக்கரம் நின்றுவிட்டால் மின்னோட்டம் பெருகி மோட்டார் காயும். அளவான ஃபியூஸ் அப்போது உருகி அதனைக் காக்கும். அடிக்கடி போகிறதேயென்று பெரிய ஃபியூஸை இடுவது, குரைக்கும் நாயைக் கொன்றுவிட்டு உறங்குவது போலாம்.

இணைப்புக்களே இத்தொழிலின் உயிர்நிலை. வீட்டு வேலையிற் கம்பியை முறுக்கி நாடா சுற்றுவது போல இங்குச் செய்தால், ஒரு பருவம் கழிவதற்குள் செம்பு பச்சையாய்ப் பொடிந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதாகலின், நேர்முனைக் கம்பியின் செம்பு நீரிற் கரைந்துபோகின்றது. நீர் கம்பியின் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தோலுக்குள்ளேயே ஏறிச்செல்லவும் வல்லது. ஆதலால் ஈயம் பூசிய செம்பிழைக் கம்பியைக் கொண்டு, இணைப்பைக் குழல்வடிவ உறையில் இடுக்கியால் நெரித்து, அதன்மேல் பசையுள்ள சுருங்குகுழலைச் சூடேற்றி இறுக்கினார். அவ்விணைப்புக்கள் யாவும், அடிநீர் என்றும் எட்டாத உயரத்திற் கட்டப்பட்டன. நீரை இறைக்கும் பொறியின் முடிச்சு நீருக்குள் கிடத்தல் ஆகாது.

குழாயின் வாயும் கருதத்தக்கது. இவ்வகைப் பம்புக்குள் நீர் திரும்புவதைத் தடுக்கும் அடைப்பு இல்லை. வெளிவாய் தாழ்வாக இருப்பின், சுமையேறிப் படகு தாழ்ந்தபோது கடல்நீரே அவ்வழியே உள்ளே இறங்கத் தொடங்கும். இறைத்த வழியே மூழ்கும் வழியாகிவிடும். எனவே குழாயை விளிம்பளவு உயர்த்தி வளைத்து, வாயை நீர்மட்டத்திற்கு நன்கு மேலே அமைத்தனர்.

இத்துணையும் முடிந்தபின் யாம் ஒரு பேதைக் கேள்வி கேட்டோம்: “இனிப் படகு மூழ்காதல்லவா?” அண்ணாச்சி தலையசைத்தார். அவர் அனுபவத்தால் உரைத்ததை யாம் பின்னர்க் கணக்காலும் கண்டோம். நீர்மட்டத்திற்கு ஓரடி கீழே ஓர் அங்குல விட்டமுள்ள துளையொன்று ஏற்படின், அதன் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 43 லிட்டர், மணிக்கு 2,600 லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் உட்புகும். பம்பின் முழு ஆற்றலும் அதற்கே ஈடாகிவிடும். முழுதும் ஏற்றிய பாட்டரியும் பதினைந்து மணி நேரத்திற்கு மேல் தாங்காது. மழைக்கும் சிறு கசிவிற்கும் பம்பு காவல்; உடைப்பிற்கு அது தவணை வாங்கித் தருவது மட்டுமே. அத்தவணைக்குள் ஆள் வந்து சேர்தல் வேண்டும்.

ஆள் எங்ஙனம் அறிவார்? இதுவே எம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது. பம்பு இல்லாத நாளில், காலையிற் படகேறும் மீனவர் அடியிற் கிடக்கும் நீரைக் கண்டே கசிவின் அளவை அறிந்தார். பம்பு நன்கு வேலை செய்யுமாயின் படகு என்றும் உலர்ந்தே கிடக்கும். கசிவு பத்து மடங்கு பெருகினும் கண்ணுக்குப் புலப்படாது. பாட்டரி தீர்ந்த அன்றே உண்மை வெளிப்படும். அன்று காலம் கடந்திருக்கும். “வாயில்லாப் பம்பு கள்ளப் பம்பு” என்றார் அண்ணாச்சி. ஆகலின் பம்போடு இணையாக ஒரு சிறு மஞ்சள் விளக்கைப் பூட்டினார். பம்பு ஓடும்போதெல்லாம் அஃது எரியும். அதனைக் கொம்பின் உச்சியில், கரைப்பக்கம் மட்டும் ஒளி தெரியும்படி மறைப்பிட்டு நிறுத்தினார். கடலிற் செல்லும் பிற கலங்கள் அதனை வழிகாட்டும் விளக்கென்று மயங்கலாகாதன்றோ!

பின்னர் அத்தான், “மாப்பிள்ளை, நீ தமிழ் படிக்கிறவன். இதற்கெல்லாம் பெயர் எழுதிக் கொடு. யார் படகில் ஏறினாலும் விளங்க வேண்டும்” என்றார். எம் பட்டப்படிப்பிற்கு அன்றுதான் ஒரு பயன் வாய்த்தது போலும்! வண்ணத்தூரிகையை எடுத்துக் கைவிசையின்மேல் ‘மடை’ என்றும், மிதவையின் ஃபியூஸின்மேல் ‘கலிங்கு - கழற்றாதே’ என்றும், கொம்பிலிருந்த விளக்கின் அடியில் ‘மறுகால்’ என்றும் எழுதினோம். அத்தான் சிரித்து, “வயற்காட்டைக் கடலுக்குக் கொண்டுவந்து விட்டாயே” என்றார். ஆயினும் அப்பெயர்கள் நிலைத்துவிட்டன.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எம்மூரில் கண்மாய் மறுகால் பாய்ந்தால் மகிழ்ச்சி; சிறுவர் ஓடிச்சென்று மீன் பிடிப்பர்; அவ்வாண்டு விளைச்சலுக்குக் குறைவில்லை என்று பெரியோர் நெஞ்சு குளிர்வர். படகின் மறுகாலோ எச்சரிக்கை. மழை பெய்யும் இரவில் அவ்விளக்கு எரிவது இயல்பு. மழையில்லாத இரவில் எரிந்தால் கடல் உள்ளே வருகின்றது என்பது பொருள்.

அதனைக் கண்காணிக்கும் பணியைத் தமக்கையார் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்கினால் நங்கூரமிட்ட படகுகள் தெரியும். அடுப்படி வேலை முடிந்து உறங்கச் செல்லுமுன் சிறிது நேரம் அங்கே அமர்ந்திருப்பது அவர் வழக்கமாயிற்று. யாம் ஊர் திரும்பிய பின்னர், பங்குனித் திங்களில், ஒரு முன்னிரவில் தொலைபேசியில் எம்மை அழைத்தார். “தம்பி, மழையே இல்லை. ஆனால் மறுகால் இரண்டு முறை பாய்ந்துவிட்டது. உன் அத்தான் களைத்து உறங்குகிறார், எழுப்பவா?” என்றார். “எழுப்புங்கள், அக்கா” என்றோம்.

மறுநாள் அத்தான் கடலுக்குச் செல்லவில்லை. சுழல்தண்டு படகினின்று வெளிப்படும் இடத்தில் நீர் புகாமல் இறுக்கிவைக்கும் கிளாண்டு கயிறு தேய்ந்து, எஞ்சின் ஓடாது நின்றபோதும் நீர் இழையாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தண்டு சுழலும்போது அவ்விடத்திற் சில துளி கசிவது இயல்பே. நின்றபின்னும் ஒழுகுவது கேடு. கயிற்றை மாற்ற அரைநாளும் சிறு செலவுமே ஆயின. அன்றிரவு தமக்கையார் நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தாராம். விளக்கு எரியவேயில்லை. காதணி இன்னும் மீளவில்லை. அது மீளும் நாளும் வரும்.

அன்பர்களே! காவலைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதன் உறங்குவதில் தவறில்லை. உழைத்தவன் உறங்கத்தான் வேண்டும். ஆனால் அங்ஙனம் ஒப்படைப்போர் இரண்டைக் கருதுதல் வேண்டும். நாம் விளக்கணைத்துச் செல்லும்போது அக்காவலுக்குரிய உணவையும் அணைத்துவிடாதிருத்தல் ஒன்று. அது செய்யும் வேலை நமக்குத் தெரியும்படி அதற்கு ஒரு வாய் கொடுத்தல் மற்றொன்று. முன்னதைக் கண்மாய் கட்டிய நம் முன்னோர் கதவில்லாக் கலிங்காய்க் கல்லில் அமைத்தனர்; பின்னதை மறுகாலின் ஓசையாய் ஊர் கேட்க விட்டனர். இன்று தூத்துக்குடிக் கரையில் 12 வோல்ட்டுக் கம்பியொன்று அவ்விரண்டையும் செய்துகொண்டிருக்கின்றது. தொழில் அறிந்த ஒரு முதியவர் கையும், உறங்குமுன் ஒருமுறை கடலை நோக்கும் ஒரு தாயின் கண்ணும் அதற்குத் துணை.